ஒரே வீடு, எத்தனை அடுப்பு? வீட்ல யாரு யாரோட இருக்குறதுன்னு சேலத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் போடுற கடை வச்சிருக்கேன், 19 வருஷம் ஆச்சு. ரேஷன் கார்டுல பேரு நீக்கணும், ஆதார்ல அட்ரஸ் மாத்தணும், ஆர்.டி.ஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸுக்கு ஒரு மனு டைப் பண்ணணும்னு வர்றவங்க பத்து நிமிஷம் உக்காந்தா போதும், பேச்சு வீட்டுக்குள்ள போயிரும். தனியா போகலாமா, அம்மாவ எங்க வச்சுக்குறது, பொண்ணு திரும்பி வந்துட்டா, பையன் கல்யாணமே வேண்டாங்குறான். கேட்டு கேட்டு எனக்கு தெரிஞ்சதையும், வக்கீலுங்ககிட்டயும் தாலுக்கா ஆபீஸ்லயும் விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்ல, உங்க வழக்குன்னு வந்தா கண்டிப்பா ஒரு வக்கீல பாருங்க.

ஒரே வீட்லதான் இருக்கோம், ஆனா தனித்தனியா சமைக்கிறோம். நாங்க ஒரு குடும்பமா ரெண்டு குடும்பமா?

அரசாங்கத்துக்கு அடுப்புதான் கணக்கு. மக்கள்தொகை கணக்கெடுப்புல குடும்பம்னா வழக்கமா சேந்து இருந்து ஒரே சமையல்ல சாப்புடுறவங்க, அவ்ளோதான், சொந்தக்காரங்களா இருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. கேஸ் கனெக்ஷனுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், புருஷன் பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க, அவங்கள நம்பி இருக்குற அப்பா அம்மா, எல்லாரும் ஒரே வீட்ல ஒரே சமையக்கட்டுல இருந்தா ஒரு குடும்பம். ரேஷன் கார்டு பிரிக்க போனாலும் வந்து பாக்குறது சமையக்கட்டதான்.

நம்ம ஜனங்களும் இதத்தான் எப்பவோ சொல்லி வச்சுட்டாங்க. யாரும் "வீடு பிரிஞ்சுட்டோம்"னு சொல்றதில்ல, "உலை தனி ஆயிருச்சு"ன்னுதான் சொல்றாங்க. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுல 7.21 கோடி பேரு, ஏறக்குறைய 1.85 கோடி குடும்பம், வகுத்துப் பாருங்க, ஒரு அடுப்புக்கு நாலு பேரு கூட வரல. அதனால "எங்க வீட்ல மட்டும்தான் இப்படி சின்னதா ஆயிருச்சு"ன்னு மனசுல வச்சுக்கிட்டு கஷ்டப்படாதீங்க, ஊரே அப்படித்தான் இருக்கு.

அப்ப சேலத்துல மட்டும் ஏன் இன்னும் நிறைய வீட்ல அண்ணன் தம்பி எல்லாம் ஒரே கூரைக்கு கீழ இருக்காங்க?

தொழில். பாசமும் இருக்கு, ஆனா முதல் காரணம் தொழில். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் தறி வீட்டுக்குள்ளயே இருக்கும், குழித்தறின்னா தரையிலயே குழி வெட்டி இறக்கி இருப்பாங்க, அத தூக்கிக்கிட்டு வாடகை வீட்டுக்கு போக முடியாது. ஒருத்தர் நெய்வாரு, வீட்ல வயசான அம்மா தார் சுத்தி (ஊடை நூல சின்னக் குழல்ல சுத்தி) குடுப்பாங்க, பாவு புணைக்கிற, அதாவது புது பாவு நூல பழைய நூலோட சேக்குற அன்னைக்கு எல்லா கையும் வேணும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையும் அதே மாதிரிதான், கொலுசுக்கு சலங்கை வைக்கிறது, பொடி வச்சு ஒட்டுறது எல்லாம் முன் ரூம்ல, பின்னாடி சமையல். வீடும் பட்டறையும் ஒண்ணா இருக்குற வரைக்கும் குடும்பமும் ஒண்ணா இருக்கும். பிள்ளைங்க பெங்களூரு, ஓசூர், சென்னைன்னு ஐடி வேலைக்கோ கம்பெனிக்கோ போனதும் அந்தக் கட்டு தானா அவுந்துரும், இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல.

கல்யாணம் ஆன உடனே தனிக்குடித்தனம் போகணும்னு மருமக சொல்றா. அது தப்பா?

தப்பே இல்ல. ஆனா இங்க ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன், மருமக சொன்னான்னு சொல்றாங்களே தவிர, பாதி வீட்ல பையனுக்கும் அதேதான் ஆசை, அம்மா முகத்த பாத்து சொல்ல தைரியம் இல்லாம பழிய அவ மேல போட்டுர்றான். பையனோட வாயாலயே அது வரணும். வந்துச்சுன்னா பாதி சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்.

நடைமுறைக்கு வருவோம். புது ரேஷன் கார்டு வேணும்னா முதல்ல பழைய கார்டுங்கள்ல இருந்து ரெண்டு பேரு பேரையும் நீக்கணும், பையன் பேரு அவங்க வீட்டு கார்டுல, பொண்ணு பேரு அவ தாய் வீட்டு கார்டுல. அதுக்கு அப்புறம்தான் புது அப்ளிகேஷன். கல்யாண சர்டிபிகேட், இருக்குற வீட்டுக்கு ஒரு ஆதாரம், ஆதார், குடும்பத் தலைவி போட்டோ எல்லாம் கையோட கொண்டு வாங்க. கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணாமயே ரெண்டு மூணு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் வந்து நிக்கிறவங்க நிறைய பேரு. மண்டபத்துல மொய் எழுதி முடிச்ச அடுத்த வாரமே அந்த வேலைய முடிச்சிருங்க.

மேல மாடியில நாங்க, கீழ அப்பா அம்மா. தனி கார்டு கிடைக்குமா?

சமையல் நிஜமாவே தனியா இருந்தா கேக்கலாம், வட்ட வழங்கல் ஆபீஸ்ல இருந்து விசாரிக்க வருவாங்க. கேஸ் தனி, கரண்ட் மீட்டர் தனின்னா வேலை சுலபம். மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000 ரூபாய் 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்து, ஒரு கார்டுக்கு ஒரு பொம்பளைக்குத்தான்னு இருக்குறதால, அதுக்காகவே கார்டு பிரிக்கலாமான்னு கேக்குறாங்க. ஒரே அடுப்புல சாப்புட்டுக்கிட்டு ரெண்டு அடுப்புன்னு எழுதாதீங்க. விசாரணைக்கு வர்ற அன்னைக்கு பக்கத்து வீட்டு ஸ்டவ்வ கொண்டு வந்து வச்ச வீடு எனக்கு தெரியும், அன்னைக்கு அந்த வீட்டுப் பெரியம்மா அவமானத்துல வெளியவே வரல.

பையனுக்கு 33. வேலை இருக்கு, கல்யாணம் ஆகல, எங்களோடதான் இருக்கான். ஊரு பேசுது.

ஊரு எதுக்குத்தான் பேசல. நான் பாக்குறது வேற. 33 வயசு ஆள வீட்ல இன்னும் ப்ளஸ் டூ பையன் மாதிரி நடத்துறதும், அவனும் அப்படியே இருந்துக்குறதும்தான் பிரச்சனை. சம்பளத்துல வீட்டுக்கு இவ்ளோன்னு மாசா மாசம் குடுக்கணும், அவன் துணிய அவன் துவைக்கணும், ராத்திரி லேட்டா வர்றதுன்னா சொல்லிட்டு போகணும். அப்பா அம்மாவும் அவன் ரூமுக்குள்ள தட்டாம போகக் கூடாது. வளந்த ஆளுங்க மூணு பேரு ஒரு வீட்ல இருக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டா எல்லாம் லேசாயிரும். பொண்ணுக்கும் இதே வயசுல இதேதான், ஆனா பொண்ண மட்டும் "எப்ப போவ"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவ சம்பளத்துல வீட்டுக் கடன் அடையுறப்ப கூட. அது எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம், இந்த மாதிரி ரெண்டு மூணு பொண்ணுங்க கடைக்கு வந்து லோன் பேப்பர் பிரிண்ட் எடுக்கும்போதே கண்ணு கலங்கி நின்னுருக்காங்க.

பொண்ணு வெளியூர்ல இருந்து சேலத்துக்கு வேலைக்கு வர்றா. ஹாஸ்டல் எப்படி பாக்குறது?

லேடீஸ் ஹாஸ்டல்னு போர்டு போட்டா மட்டும் போதாது, 2014-ல வந்த தமிழ்நாடு சட்டத்துப்படி பெண்கள் விடுதி நடத்த கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். போனதும் முதல் கேள்வி அதுவா இருக்கட்டும், சாப்பாடு எப்படின்னு அப்புறம் கேக்கலாம். வேலைக்கு போற பெண்களுக்கு அரசாங்கத்தோட தோழி விடுதி சேலத்துலயும் இருக்கு, இடம் காலியா இருக்கான்னு ஆன்லைன்லயே பாக்கலாம். சொந்தக்காரங்க வீட்ல விடலாமான்னா, ஒரு மாசம் ரெண்டு மாசம் சரி, அதுக்கு மேல போனா அந்தப் பொண்ணு அந்த வீட்டுக்கு சம்பளம் இல்லாத வேலைக்காரி ஆயிர்றா, இத நான் கண்ணால பாத்துட்டேன்.

பேச்சலருக்கு, தனியா இருக்குற பொம்பளைக்கு வீடே தர மாட்டேங்குறாங்க.

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் "ஃபேமிலிக்கு மட்டும்"னு சொல்லியே முடிச்சிர்றாங்க. குகை, நெத்திமேடு, கொண்டலாம்பட்டி பக்கம் கொஞ்சம் பரவாயில்ல, ஆனா அங்கயும் நூறு கேள்வி. வீடு கிடைச்சதும் வாய்ப்பேச்சா விட்டுறாதீங்க. 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்துப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவு பண்ணணும், அட்வான்ஸ் வேற மாதிரி பேசி எழுதிக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. சேலத்துல பத்து மாசம்னு கேக்குறது வழக்கமா இருக்கு, அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த வரிய நல்லா படிங்க.

கணவன் இல்லாத 45 வயசு டீச்சர் ஒருத்தங்க, ஏழு வீடு பாத்தாங்க, எட்டாவது வீட்ல ஓனர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம்: "தண்ணி காலையில அஞ்சரைக்கு வரும், எந்திரிச்சு புடிச்சுக்குவீங்களா?" அந்த வீட்லதான் இன்னைக்கு வரைக்கும் இருக்காங்க.

கல்யாணம் பண்ணாம ரெண்டு பேரு சேந்து இருந்தா போலீஸ் புடிக்குமா?

ரெண்டு பேரும் மேஜர், ரெண்டு பேருக்கும் சம்மதம்னா சட்டப்படி குத்தம் இல்ல. வயசு வந்த ரெண்டு பேரு யாரோட வாழணும்னு முடிவெடுக்குறதுல வீடோ ஊரோ தலையிட உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2018-ல சக்தி வாகினி வழக்குல தெளிவா சொல்லிருச்சு. கல்யாணம் மாதிரியே சேந்து வாழ்ந்த பொண்ணுக்கு 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பும் உண்டு. வீட்ல இருந்து மிரட்டல் வந்தா 181, அவசரம்னா 112, தயங்காதீங்க. நம்ம பக்கம் இது உயிர் போற விஷயமா ஆன கதைங்க இருக்கு, அதனால லேசா சொல்ல மனசு வரல.

புருஷன் வீட்ல இருந்து திரும்பி வந்துட்டேன். அண்ணன் "இது என் வீடு"ங்குறாரு. எனக்கு உரிமை இருக்கா?

இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா இத கேக்குறவங்க எல்லாருமே குரல தாழ்த்திக்கிட்டுதான் கேக்குறாங்க, கடையில வேற ஆளு இருந்தா போயிட்டு திரும்பி வர்றாங்க.

அது தாத்தா பூட்டன் வழி பூர்வீக சொத்துன்னா, இந்து குடும்பத்துல பையனுக்கு எவ்ளோவோ பொண்ணுக்கும் அவ்ளோ. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-லயே அன்னைக்கு கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு இந்த உரிமை வந்துருச்சு, 2005 செப்டம்பர் 9-ல நாடு முழுக்க எல்லா பொண்ணுங்களுக்கும் வந்துச்சு, கல்யாணம் ஆனவங்களுக்கும் சேத்து. அப்பா அந்தத் தேதிக்கு உயிரோட இருந்தாரா இல்லையான்னு குழப்பிக்கிட்டு இருந்தத 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சது, பிறப்பாலயே உரிமைன்னு. பழைய பாகப்பிரிவினையோ வித்த பத்திரமோ 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி முறையா முடிஞ்சிருந்தா அத தோண்ட முடியாது. அப்பா சொந்தமா சம்பாதிச்ச வீடா, உயில் எழுதாம இறந்துட்டாரா, அப்பவும் அம்மா, பையன், பொண்ணு எல்லாருக்கும் சம பங்கு.

இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாது. குடியிருக்குற வீட்ட பாகம் பிரிக்க சொல்லி பொண்ணு கேக்கக் கூடாது, பையனுங்களா பிரிச்சாத்தான்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு. 2005-ல அத எடுத்துட்டாங்க. இப்ப கேக்கலாம்.

புருஷன் வீட்டு பக்கமும் உரிமை முடிஞ்சு போகல. சேந்து வாழ்ந்த வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் அங்க தங்குற உரிமைய மருமக கேக்கலாம்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, சூழ்நிலைய பொறுத்து கோர்ட் முடிவு பண்ணும்.

ஆனா சட்டம் கையில வர்றதுக்கு வருஷக் கணக்குல ஆகும், அது வரைக்கும் அந்தப் பொண்ணு எந்த ரூம்ல படுக்குறது, குழந்தைய எந்த ஸ்கூல்ல சேக்குறது? "வாழாவெட்டி"ங்குற வார்த்தைய தயவு செஞ்சு யாரும் வாயில எடுக்காதீங்க. திரும்பி வந்த பொண்ணுக்கு முதல் வாரமே ஒரு பீரோ சாவி, ஒரு அலமாரி, அவளுக்குன்னு ஒரு இடம் குடுங்க. எங்க பெரியப்பா பொண்ணு வந்தப்ப நாலு மாசம் அவ துணி எல்லாம் சூட்கேஸ்லயே இருந்துச்சு, யாரும் வேணும்னு பண்ணல, யாருக்கும் தோணல. ஒரு நாள் எங்க அம்மாயி அவங்க மரப்பெட்டிய காலி பண்ணி "இதுல அடுக்கிக்க கண்ணு"ன்னு தள்ளி விட்டாங்க. அக்கா அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதா.

வீட்டோட மாப்பிள்ளையா போகலாமா?

போங்க. ஒத்தப் பொண்ணா இருக்குற வீட்ல வேற என்னதான் வழி? அவ அப்பா அம்மாவ அவதான பாக்கணும்.

அம்மாவ மாசம் ஒரு பையன் வீட்ல வச்சுக்குறோம். முறை வச்சு பாக்குறதுதான நியாயம்?

பையன்களுக்கு நியாயம். அம்மாவுக்கா?

போன வருஷம் அம்மாபேட்டை பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, எழுபத்தஞ்சு இருக்கும். கையில பச்சையும் வெள்ளையும் கலந்த ஒயர்க்கூடை. பேத்தி கூட்டிட்டு வந்திருந்தா, ஆதார்ல அட்ரஸ் மாத்தணும்னு. பழைய கார்ட எடுக்குறதுக்காக கூடையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து என் மேசை மேல வச்சாங்க, ரெண்டு சேலை, ஒரு துண்டு, மருந்துக்கடை கவர்ல பிரஷர் மாத்திரை, கண்ணாடி, சீப்பு, திருநீறு டப்பா, பேரு வெட்டின ஒரு எவர்சில்வர் சொம்பு. மூணு பையன், மூணு வீடு, மாசம் முதல் தேதி ஆட்டோ வரும், கூடைய தூக்கிக்கிட்டு ஏறிக்கணும். ஓடிபி பெரிய பையன் நம்பருக்கு போகுது, பென்ஷன் பாஸ்புக் நடு பையன் வீட்ல. நான் கேட்டேன், "அம்மா, எந்த வீட்டு அட்ரஸ் போடட்டும்?" அவங்க யோசிக்கவே இல்ல. "எத போட்டா மாத்த மாட்டாங்களோ அத போடு கண்ணு"ன்னாங்க.

அந்த சொம்ப ஏன் தூக்கிக்கிட்டு அலையுறீங்கன்னு பேத்தி கேட்டா. அதுல குடிச்சாத்தான் தண்ணி இறங்குதுன்னாங்க. மூணு வீட்லயும் டம்ளர் இருக்கு, ஆனா அவங்களுதுன்னு அந்த சொம்பு ஒண்ணுதான்.

முறை வைக்கிறதே வேண்டாங்கல. சில பேருக்கு எல்லா பேரப்பிள்ளைங்களையும் பாக்க அது புடிக்கும். ஆனா முதல்ல அவங்கள கேளுங்க. ஒரு வீடு நிரந்தரமா இருக்கட்டும், கட்டிலும் பெட்டியும் அங்கதான், மத்த பையனுங்க பணமாவோ, வாரத்துல ரெண்டு நாள் வந்து இருக்குறதாவோ பங்கு போடட்டும். பொண்ணுங்களையும் சேத்துக்கங்க, பொண்ணுக்கும் சட்டப்படி பொறுப்பு இருக்கு. பென்ஷன் கார்டும் பாஸ்புக்கும் அவங்க கையிலதான் இருக்கணும். முதியோர் பென்ஷன் 2023-ல 1200 ஆச்சு, அந்த 1200 யாருக்கு பெருசா இல்லாம இருந்தாலும் அவங்களுக்கு பெருசு, பேரனுக்கு தட்டுவடை செட்டு வாங்கிக் குடுக்க யார்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்ல.

எங்களுக்கு வயசாயிருச்சு. வீட்ட பையன் பேர்ல எழுதிக் குடுத்துரலாமா?

அவசரப்படாதீங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்றேன். தான செட்டில்மெண்ட், அதாவது காசு வாங்காம எழுதிக் குடுக்குற பத்திரம், பண்ண செலவு கம்மி, குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தாள் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000, அதனால ஒரே நாள்ல முடிச்சிர்றாங்க. ஒரு தடவ நிபந்தனை இல்லாம எழுதிக் குடுத்துட்டா நீங்களா போய் ரத்து பண்ண முடியாது.

எழுதியே ஆகணும்னா ரெண்டு வரிய பத்திரத்துல சேக்க சொல்லுங்க. ஒண்ணு, எங்க ரெண்டு பேரு ஆயுசு வரைக்கும் இந்த வீட்ல குடியிருந்து அனுபவிக்கிற உரிமை எங்களுக்கு உண்டு. ரெண்டு, எங்களுக்கு வேண்டிய சாப்பாடு, வைத்தியம், மத்த அடிப்படைத் தேவைய வாங்குறவர் பாத்துக்கணும். இந்த ரெண்டாவது வரி ஏன் முக்கியம்னா, 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ம் பிரிவுல, அந்த நிபந்தனையோட எழுதிக் குடுத்து, அவங்க பாக்கலன்னா, பத்திரமே செல்லாதுன்னு தீர்ப்பாயம் சொல்லலாம். பாசத்துக்காக எழுதுனதுலயே அந்த நிபந்தனை அடங்கிருக்குன்னு சாதகமா வந்த தீர்ப்பும் இருக்கு, பத்திரத்துல இல்லையேன்னு எதிரா போன தீர்ப்பும் இருக்கு, அதனால அந்த வரிய எழுதிச் சேக்குறதுதான் பாதுகாப்பு. பத்திரம் எழுதுறவர் "எதுக்குமா அதெல்லாம், உங்க பையன்தான"ன்னு சொல்லுவாரு. பரவாயில்ல எழுதுங்கன்னு சொல்லுங்க, நல்ல பையன் அதுக்கு கோச்சுக்க மாட்டான்.

இல்லன்னா உயில். எப்ப வேணா மாத்தலாம், ரெண்டு சாட்சி கையெழுத்து போதும், பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிட்டா பின்னாடி சண்டை கம்மி.

பையன் பாக்கவே இல்ல. எங்க போய் சொல்றது?

ஆர்.டி.ஓ ஆபீஸ், மேல சொன்ன தீர்ப்பாயம் அங்கதான். நம்ம மாவட்டத்துல சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரின்னு இருக்கு, உங்க ஊரு எதுல வருதோ அங்க. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தாலும் போதும், வக்கீல் வைக்கணும்னு இல்ல. மாசம் 10,000 வரைக்கும் பராமரிப்புத் தொகை குடுக்க சொல்லி உத்தரவு போடலாம், நோட்டீஸ் போனதுல இருந்து 90 நாளைக்குள்ள முடிக்கணும்னு சட்டம். பிள்ளை இல்லாதவங்கன்னா சொத்து யாருக்கு போகப் போகுதோ அந்த சொந்தக்காரங்க மேல கேக்கலாம். மனு போட கூச்சப்பட்டா முதல்ல 14567-க்கு போன் பண்ணி பேசுங்க, முதியோருக்குன்னே இருக்குற நம்பர், காசு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. மருமகள வெளிய அனுப்புறதுக்காக மாமனார் மாமியார் பேர்ல இந்த மனுவ போட வைக்கிற ஆளுங்க இருக்காங்க. அந்தப் பொண்ணோட தங்குற உரிமையையும் சேத்து பாத்துத்தான் முடிவெடுக்கணும்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அப்படிப்பட்ட மனுவ நான் டைப் பண்றதில்ல.

அப்பா தவறிட்டாரு. அம்மா 72 வயசுல தனியாத்தான் இருப்பேன்னு அடம் புடிக்கிறாங்க.

அடம்னு ஏன் சொல்றீங்க? அவங்க தெரு, அவங்க பால்காரர், செவ்வாய்க்கிழமை கோயில், பக்கத்து வீட்டுத் திண்ணை, எல்லாம் அங்கதான் இருக்கு. பெங்களூருல பதினோராவது மாடியில கூட்டிட்டு போய் வச்சா பகல் பூரா பூட்டின வீட்ல டிவியோட இருக்கணும். தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க 2011-லயே நூத்துல பத்துப் பேரு, 2021-ல 13.6 சதவீதம்னு மதிப்பீடு, இது எல்லாத் தெருவுக்கும் வரப்போற கேள்விதான்.

விடுங்க, ஆனா ஏற்பாட்டோட விடுங்க. பாத்ரூம்ல கைப்பிடி வைங்க, வழுக்காத டைல்ஸ் போடுங்க, இது ரெண்டுதான் முதல் வேலை, விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா அதுக்கப்புறம் தனியா இருக்குற பேச்சே இல்ல. பக்கத்து வீட்ல ஒரு சாவி இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்துல போன், எடுக்கலன்னா யாரு போய் பாக்குறதுன்னு பேரு சொல்லி வச்சுக்கங்க. கேஸ் சிலிண்டர் மாத்த ஒரு ஆளு. மாத்திரைய வாரத்துக்கு பிரிச்சு வைக்கிற டப்பா கடையில கிடைக்குது, வாங்கிக் குடுங்க. ஞாபகம் தவற ஆரம்பிச்சுட்டாங்க, அடுப்ப அணைக்க மறக்குறாங்கன்னா அப்ப திரும்ப உக்காந்து பேசுங்க, அப்பவும் அவங்க முன்னாடியே.

ஏற்காட்டுல எஸ்டேட் லயன் வீட்ல இருக்கோம். ரிட்டையர் ஆனா எங்க போறது?

லயன் வீடுன்னா தொழிலாளருக்கு எஸ்டேட்ல வரிசையா கட்டி வச்சிருக்குற வீடு. இது கீழ இருக்குறவங்களுக்கு புரியாத கஷ்டம். தோட்டத் தொழிலாளருக்கு வீடு குடுக்கணும்னு 1951 சட்டமே வச்சது, ஆனா அந்த வீடு வேலையோட ஒட்டுனது. முப்பது வருஷம் காப்பிப் பழம் பறிச்சு, மிளகுக் கொடி ஏத்தி, பிள்ளைங்கள அந்த ரெண்டு ரூம்ல பெத்து வளத்து, வேலைய விட்டதும் சாவிய குடுக்கணும். அதனால நிறைய வீட்ல என்ன நடக்குதுன்னா, வீட்டுக்காக பிள்ளையோ மருமகளோ எஸ்டேட்ல பேரு குடுத்து வேலைக்கு சேந்துர்றாங்க, கீழ சேலத்துல இன்னும் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைச்சா கூட. ஒரு ஆளு வேலை மூணு தலைமுறைக்கு கூரை.

ஐம்பது வயசுலயே இத பத்தி யோசிங்க. மலையில சொந்த ஊர்ல மனை இருந்தா வீட்டு வசதித் திட்டத்துக்கு ஊராட்சியில மனு குடுத்து வைங்க, பட்டா இல்லன்னா தாசில்தாருக்கு எழுதுங்க. பி.எஃப், கிராஜுட்டி கணக்க வேலையில இருக்கும்போதே ஆதாரோட சரி பாருங்க, பேர்ல ஒரு எழுத்து மாறி இருந்தாலும் அப்புறம் அலையணும். வயசானவங்கள கீழ கூட்டிட்டு போறதுன்னா ஒரேடியா வேண்டாம், மார்கழியில குளிர் தாங்காம சந்தோஷமா இறங்கி வர்றவங்க, சித்திரை வெயிலுக்கு "என்ன மேல கொண்டு போய் விடு"ன்னு அழுவாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க அவங்க உடம்பு தாங்குமான்னும் பாக்கணும்.

இதெல்லாம் வீட்ல எப்படி பேச ஆரம்பிக்கிறது? வாய திறந்தாலே சண்டை.

எங்க வீட்ல நடந்தத சொல்றேன். மாமா தவறினதுக்கு அப்புறம் அத்தைய மாடிக்கு எங்களோட கூட்டிட்டு வந்துரலாம், கீழ் போர்ஷன வாடகைக்கு விட்டுரலாம்னு நானும் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பேசி முடிவே பண்ணிட்டோம். மாடியில அட்டாச்டு பாத்ரூம், ஏசி, எல்லாம் கணக்கு போட்டோம். ஆடி பதினெட்டுக்கு எல்லாரும் வீட்ல கூடின அன்னைக்கு, சாப்பாடு முடிஞ்சு, அத்தை வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தப்ப, என் சின்னப் பொண்ணுதான் கேட்டா, "ஆயா, உனக்கு எந்த ரூம் வேணும்?"

அத்தை தெருவ பாத்த முன் ரூம காட்டுனாங்க. ஏன்னா அந்த ஜன்னல்ல இருந்து பாத்தா கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு போற வர்ற ஜனம் தெரியுமாம், மாமாவும் அவங்களும் அங்கதான் உக்காந்து பாப்பாங்களாம். எங்க மூணு பேருக்கும் அது தெரியவே தெரியாது. இப்ப அத்தை கீழயே இருக்காங்க, தனி அடுப்புதான், காலையில இட்லி மட்டும் மேல இருந்து போகும், அவங்க வைக்கிற ரசம் ராத்திரிக்கு மேல வரும். பாத்ரூம கீழ மாத்தி கட்டினோம், 85,000 ஆச்சு. கட்டில ஜன்னலுக்கு நேரா போட்டிருக்கோம்.